சிம்லாப் பழம் வந்த வழி – 6: சீட்டு தொலைந்த பெட்டி

சென்ற வாரம் சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸை சிம்லாவுக்கு அப்பால், கோட்கர் மலைச்சரிவில் விட்டுவிட்டு வந்தோம். பிலடெல்பியாவில் வசதியான குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை. 1904இல், 21 வயதில், தொழுநோயாளிகளுக்குப் பணி செய்ய சபாத்துவுக்கு வந்தவர். மறு ஆண்டு காங்க்ரா நிலநடுக்கத்தில் இடிபாடுகளுக்கு நடுவே அலைந்தவர். 1912இல் மலைநாட்டுப் பெண் ஆக்னஸை மணந்து, துறவிக் கோலத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குடியானவர் ஆனார். தானேதாரில் பாரோபாக் என்ற பழைய தேயிலைத் தோட்டம் அவர் கைக்கு வந்தது.

அதற்கு முந்திய வாரம் குலுப் பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் 1870இல் கேப்டன் லீ வைத்த ஆப்பிள் மரங்களைப் பார்த்தோம். எல்லாம் பிப்பின் வகைகள். இங்கிலாந்து நாக்குக்கு ஏற்ற புளிப்பு. வெள்ளைக்காரர் வீட்டு மேசைக்கு அவை போதும். ஊர்ச்சந்தையில் அவற்றைச் சீந்துவார் குறைவு.

ஆக, ஸ்டோக்ஸ் முன்னால் இருந்தது ஒரே கேள்விதான்: இந்த மண்ணில் எதை நடுவது?

விடை அப்போதே உலகத்தில் இருந்தது. ஆனால் அது பிறந்த இடம் பாரோபாக்கிலிருந்து பாதி பூமி தள்ளி. பிறந்த விதமோ, ஒரு விவசாயியின் அரிவாளுக்குத் தப்பியது.

பெருங்களத்தூரில் ஒரு தராசு

அங்கே போகுமுன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் பெருங்களத்தூர் நிறுத்தத்தில் தெற்கே போகும் பேருந்துக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்தப் பழவண்டிகள் தெரியும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபின் கூட்டம் அங்கே நகர்ந்துவிட்டது. வண்டிகள் மட்டும் முழுக்க நகரவில்லை. ஊருக்குப் போகிறவர் வெறுங்கையோடா போவார்? ஒரு கிலோ ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம். பார்க்கப் போவது பேரப்பிள்ளையானாலும் சரி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பெரியப்பாவானாலும் சரி.

ஆடி மாதத்து மாலை ஒன்றில் ஒரு வண்டிக்காரரிடம் கேட்டேன்.

"எந்த ஊர்ப் பழம்ணே?"

"இது சிம்லா சார். இப்பதான் வரத்து ஆரம்பிச்சிருக்கு. அது வாஷிங்டன், விலை கொஞ்சம் கூட."

இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினேன். காம்பு இருக்கும் பக்கம் அல்ல, எதிர்ப்பக்கம். இரண்டிலும் ஐந்து சின்ன மேடுகள், குழந்தையின் முஷ்டியில் விரல்முட்டிகள் தெரிவதுபோல. தோள் அகன்று, அடி குறுகி, சற்றே நீண்ட உடம்பு. கடித்தால் தடித்த தோல். புளிப்பே இல்லையென்று சொல்லிவிடலாம்.

"ரெண்டும் ஒரே குடும்பம்ணே" என்றேன்.

"அப்போ ரெண்டையும் சிம்லா விலைக்கே கேப்பீங்களா சார்?"

கேட்கவில்லை. ஆனால் நான் சொன்னது மிகையல்ல. குடும்பம் என்பதுகூடக் குறைத்துச் சொன்னதுதான். அந்த இரண்டு பழங்களும் ஒரே மரத்தின் உடம்பு. அந்த மரத்துக்குத்தான் இப்போது போகிறோம்.

வெட்டியும் சாகாத கன்று

ஊரின் பெயர் பெரு. தென் அமெரிக்க நாடு அல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூர். (இந்தக் கதையில் பெயர்க் குழப்பத்துக்குப் பஞ்சமில்லை. இன்னொரு லூயிசியானாவும் வருகிறது.) ஆண்டு ஏறக்குறைய 1870. விவசாயியின் பெயர் ஜெஸ்ஸி ஹயட். இவரும் குவேக்கர்தான். ஸ்டோக்ஸுக்கும் இவருக்கும் வேறு எந்த உறவும் கிடையாது. ஆடம்பரம் ஆகாது, பொறுமை வேண்டும் என்று போதிக்கும் அந்தச் சிறு கிறிஸ்தவப் பிரிவின் இரண்டு பேர், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே பழத்தின் இரு முனைகளில் நின்றார்கள்.

ஹயட்டின் தோட்டத்தில் மரங்கள் வரிசை பிடித்து நின்றன. ஒருநாள் வரிசைக்கு வெளியே ஒரு கன்று தலைநீட்டியது. யாரும் நடாதது. விழுந்த பழத்தின் விதை எதிலிருந்தோ முளைத்தது. ஹயட் வெட்டிப் போட்டார். அடுத்த ஆண்டு அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்த்தது. மறுபடி வெட்டினார். மூன்றாம் முறையும் வந்து நின்றது. வாழ்ந்தே தீருவேன் என்கிறாயா, சரி வாழ்ந்துவிட்டுப் போ என்று அதனிடமே சொல்லிவிட்டு விட்டதாக அந்த ஊரில் கதை. கதையில் எவ்வளவு நிஜமோ, கன்று பிழைத்தது நிஜம்.

அவர் ஏன் வெட்டினார் என்பது முக்கியம். அவர் கொடியவர் அல்ல. எந்த ஆப்பிள் விவசாயியும் அதைத்தான் செய்திருப்பார்.

ஆப்பிளின் விதை தாயைப் போல வளராது. நல்ல பழம் ஒன்றைத் தின்று அதன் ஐந்து விதைகளை நட்டால் ஐந்து வெவ்வேறு மரங்கள் வரும். பெரும்பாலும் வாயில் வைக்க முடியாத பழம் தருபவை. தேனீ எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து தந்ததோ, அந்தத் தந்தையின் குணமும் சேர்ந்து சீட்டுக் குலுக்கல்போல விழும். பங்கனபள்ளிக் கொட்டையை நட்டுவிட்டு பங்கனபள்ளியை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் நம் ஊரில் உண்டு. அதனால்தான் ஒட்டு மாங்கன்று. ஆப்பிளிலும் அதே வித்தைதான்: பிடித்த மரத்தின் குச்சியை வெட்டி, வேறொரு வேர்க்கன்றில் ஒட்டுக் கட்டுவது. அப்படிக் கட்டிய கன்று புதுப் பிள்ளை அல்ல. பழைய மரமே புது வேரில் நிற்பது. ஒரு வகை என்பது ஒரு தனிமரம். அந்த ஒன்றின் குச்சிகள்தான் ஊர் ஊராகப் போகின்றன.

ஆகவே வரிசைக்கு வெளியே முளைத்த விதைக்கன்று களைதான். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை ஹயட் செய்ததே சரி.

இது நூறாவது முறை.

பத்து ஆண்டு போல் கழித்துக் காய்த்தது. முழுச் சிவப்பு அல்ல, மஞ்சள் தரையில் சிவப்புக் கோடுகள். நீள உடல், அடியில் ஐந்து மேடுகள். பக்கத்தில் நின்ற பெல்ஃப்ளவர் மரம் இதன் தாயாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஹயட் கடித்துப் பார்த்தார். அவ்வளவு நல்ல ஆப்பிளைத் தான் தின்றதில்லை என்று தீர்மானித்தார். அயோவாக்காரர்களின் செல்லப்பெயரான 'ஹாக்ஐ'யையே அதற்கு வைத்தார். பருந்தின் கண்.

பெயர் வைத்தாயிற்று. வாங்கத்தான் ஆளில்லை. பத்தாண்டுக்கு மேல் அந்தப் பழம் அந்த வட்டாரத்தைத் தாண்டவில்லை.

போட்டியும் தொலைந்த சீட்டும்

அந்தக் காலத்து அமெரிக்கச் சந்தையில் ராஜா ஒருவர் இருந்தார்: பென் டேவிஸ் என்னும் ஆப்பிள். பார்க்க லட்சணம், கல்போல உறுதி. பீப்பாயில் அடைத்து எத்தனை நாள் பயணம் அனுப்பினாலும் நசுங்காது. விவசாயியின் கடனை அடைக்கிற பழம் என்று பேர் வாங்கியது. குறை ஒன்றுதான். ருசி கிடையாது. தக்கையைத் தின்பதுபோல் இருக்கிறது என்று தின்றவர்கள் புலம்பினார்கள்.

மிசூரி மாநிலத்தில் லூயிசியானா என்றொரு ஊர். அங்கே 1816 முதல் நாற்றங்கால் நடத்திவந்த ஸ்டார்க் குடும்பம், பென் டேவிஸுக்கு மாற்று தேடி 1893இல் ஒரு போட்டி வைத்தது. உங்களிடம் நல்ல ஆப்பிள் இருந்தால் அனுப்புங்கள். நாடு முழுவதிலிருந்தும் பெட்டிகள் வந்து குவிந்தன. ஹயட்டும் அனுப்பினார்.

கிளாரன்ஸ் ஸ்டார்க் பெட்டி பெட்டியாகக் கடித்துக்கொண்டே வந்தார். பழத்தை ருசி பார்ப்பது கேட்க இன்பமாக இருக்கும். ஐம்பதாவது புளிப்பு ஆப்பிளுக்குப் பிறகு அது கூலிவேலை. அப்போதுதான் கோடுபோட்ட அந்த நீளப் பழம் கைக்கு வந்தது. ஒரு கடி. 'டெலிசியஸ்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. நல்ல பெயர்களை ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதிச் சேர்த்து வைப்பது அவர் வழக்கமாம். இந்தச் சொல்லும் அதில் தகுந்த பழத்துக்காகக் காத்திருந்தது என்பார்கள். பரிசு இதற்குத்தான் என்று முடிவாயிற்று.

அனுப்பியவர் யார்?

சீட்டு இல்லை. பெயரும் முகவரியும் எழுதிய துண்டுத்தாள் பெட்டிகளின் குவியலில் எங்கோ போய்விட்டது.

அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். பழம் கையில் இருக்கிறது. அதன் விதை பயனில்லை. எந்த விதையும் இந்தப் பழத்தை மறுபடி தராது. வேண்டியது குச்சி. குச்சி இருப்பது ஒரே ஒரு மரத்தில். அந்த மரம் எந்த மாநிலத்தில், எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்பது எழுதியிருந்த தாள் மட்டும் இல்லை. அன்றிரவு ஹயட்டின் தோட்டத்தில் ஓர் இடி விழுந்திருந்தால் நம் கதை அத்தோடு சரி.

ஸ்டார்க்குக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். மறு ஆண்டும் போட்டியை வைத்துவிட்டு, அந்த முகம் தெரியாத மனிதர் மறுபடி அனுப்புவார் என்று காத்திருந்தார். தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டவர் இரண்டாம் தடவை ஏன் அனுப்ப வேண்டும்?

1894இல் பெட்டிகள் வந்தன. ஒன்றில் அதே பழம். இந்த முறை சீட்டும் இருந்தது. மூன்று தடவை முளைத்த கன்றின் சொந்தக்காரருக்கு இரண்டு தடவை தபால் அனுப்புவது பெரிய காரியமாகத் தெரியவில்லைபோலும்.

ஸ்டார்க் நிறுவனம் உரிமையை வாங்கியது. ஹாக்ஐ 'டெலிசியஸ்' ஆனது. வேறு கன்று வாங்கியவர்களுக்கும் இதைச் சும்மாவே சேர்த்து அனுப்பிப் பரப்பினார்கள். (1914இல் மேற்கு வர்ஜீனியாவில் மஞ்சள் நிறத்தில் இன்னொரு தற்செயல் மரம் கிடைத்து, அதற்குக் 'கோல்டன் டெலிசியஸ்' என்று பெயரிட்ட பிறகுதான் பழையதற்கு 'ரெட்' என்ற முன்னொட்டு வந்தது. அந்த மஞ்சள் மரத்துக்கு ஸ்டார்க் குடும்பம் 5,000 டாலர் கொடுத்தது. திருட்டுக்குப் பயந்து மரத்தைச் சுற்றிக் கூண்டும் போட்டது.)

கப்பலேறிய குச்சிகள்

ஸ்டோக்ஸ் அமெரிக்கா போயிருந்த சமயத்தில் டெலிசியஸ் அங்கே பரவிக்கொண்டிருந்தது. ஸ்டார்க்கின் நாற்றங்காலிலிருந்து கன்றுகள் தருவித்தார். 1916இல் அவை பாரோபாக்கில் மண்ணுக்குள் போயின.

இந்த வரியை இமாச்சலத்துப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் துணிச்சல் எளிதில் கண்ணில் படாது. ஐரோப்பாவில் போர் நடந்து, கடலில் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஆப்பிள் கன்றைக் குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்து அது தூங்கும்போதுதான் பிடுங்கி, வேரை ஈரத்தில் பொதிந்து அனுப்பலாம். வழியில் காய்ந்தால் போச்சு. வெப்பத்தில் விழித்துக்கொண்டு துளிர்த்தாலும் போச்சு. இந்தியத் துறைமுகத்தின் வெயிலைத் தாண்டி ரயிலில் சிம்லா வரைக்கும் வரலாம். அங்கே தண்டவாளம் முடிந்துவிடும். மிச்சம் எண்பது கிலோமீட்டர்போல, இந்துஸ்தான்–திபெத் சாலையில், கழுதை முதுகிலோ மனிதர் முதுகிலோ.

அவர் ஏன் இதைத் தேர்ந்தார்? அவரைப் பற்றி எழுதுபவர்கள் மகான் பட்டத்தை முதலில் எடுத்துவிடுவார்கள். எனக்கு இந்த இடத்தில் தெரிபவர் ஒரு நல்ல வியாபாரி. இந்தியன் பழத்தில் புளிப்பைத் தேடுவதில்லை. மாம்பழமும் பலாவும் பழகிய நாக்கு அது. புளிப்புக்குக் குழம்பு இருக்கிறது. ஆங்கில ஆப்பிளுக்குப் பின்னால் ஓர் ஆங்கிலச் சமையலறை உண்டு: சர்க்கரை போட்டு வேகவைக்க, மாவுக்குள் வைத்துச் சுட, புளிப்புதான் உயிர். டெலிசியஸை வேகவைத்தால் சுவையற்ற கூழாகிவிடும். அது பச்சையாய்க் கடித்துத் தின்ன மட்டுமே பிறந்த பழம். நம் ஊரில் ஆப்பிளுக்கு அந்த ஒரு வேலைதான். தடித்த தோல் மலைப்பாதையைத் தாங்கும். சிவப்பு நிறம் தட்டில் கண்ணை இழுக்கும். ஆங்கிலேயர் தாங்கள் தின்ன நட்டார்கள். ஸ்டோக்ஸ் பிறர் வாங்கித் தின்ன நட்டார். கோட்கர்க்காரன் கோதுமையிலும் உருளைக்கிழங்கிலும் காணாத காசை இதில் காண வேண்டும் என்பதே கணக்கு.

இன்னொரு காரணமும் வேண்டும். அதை ஸ்டோக்ஸால் வாங்க முடியாது: குளிர். டெலிசியஸ் பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் ஏறக்குறைய 1,000 மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே தூங்கி எழ வேண்டும். மார்கழிப் பனியிலும் போர்வை கேட்காத நம் பெருங்களத்தூரை விடுங்கள், கொடைக்கானலுக்கே அந்தக் குளிர் கட்டாது. அதனால்தான் பழனி மலையிலும் நீலகிரியிலும் ஐரிஷ் பீச், ரோம் பியூட்டி, பார்லின்ஸ் பியூட்டி என்று வேறு பெயர்கள் வளர்ந்தன. அவற்றின் கதை தனி. பாரோபாக் 7,000 அடி உயரத்துக்காரர். பனி வீட்டு வாசலுக்கு வரும்.

முதுகுச் சுமை

கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் ஸ்டோக்ஸ் சும்மா இருக்கவில்லை.

மலைநாட்டில் 'பேகார்' என்றொரு வழக்கம். துரை சுற்றுலா வந்தால், வேட்டைக்கு வந்தால், மூட்டைகளை ஊர்க்காரர்கள் சுமக்க வேண்டும். விதைப்பு நாளானாலும் அறுப்பு நாளானாலும் கூப்பிட்டால் வந்தாக வேண்டும். கூலி பெயருக்கு, பல சமயம் அதுவும் இல்லை. நமக்கு இது புதிதல்ல. இன்று 'வெட்டி வேலை' என்று விளையாட்டாகச் சொல்கிறோமே, சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது விளையாட்டல்ல, ஊதியமில்லாத கட்டாய உழைப்பு.

ஸ்டோக்ஸ் கோட்கர் மக்களைத் திரட்டினார். சுமக்க மாட்டோம் என்று சொல்ல வைத்தார். அதிகாரிகளுக்கு இது விசித்திரமான தலைவலி: எதிரில் நிற்பவர் தங்கள் நிறத்துக்காரர், போர்க்காலத்தில் தங்கள் படைக்கு ஆள் சேர்த்த அதிகாரி. 1921இல் சிம்லா மலைப்பகுதியில் பேகார் வீழ்ந்தது.

இதையும் ஆப்பிளையும் இரண்டு தனி அத்தியாயமாகவே எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் பிரிக்கத் தெரியவில்லை. பழம் விளைந்து சந்தைக்குப் போவதும் முதுகில்தான். தன் முதுகு தனக்குச் சொந்தமில்லாதவன் தன் பழத்தை எப்படி விற்பான்? பறிக்கும் பருவத்தில் துரையின் கூடாரத்தைத் தூக்கப் போனால் பழம் மரத்திலேயே அழுகும்.

பேகாரோடு அவர் நிற்கவில்லை. கதர் உடுத்தினார். காங்கிரஸில் சேர்ந்தார். அரசு வேலையை விட்டு வெளியேறுங்கள் என்று இந்தியர்களை அழைத்த 1921ஆம் ஆண்டு அறிக்கையில் கையெழுத்திட்ட ஒரே அமெரிக்கர் அவர்தான். அந்த டிசம்பரில் லாகூர்க் கூட்டத்துக்குப் போகும் வழியில் கைது செய்தார்கள். ராஜத்துரோகக் குற்றச்சாட்டு. ஆறு மாதச் சிறை.

39 வயது. பாரோபாக்கில் ஆக்னஸும் சிறு பிள்ளைகளும். சரிவில், ஐந்து குளிர்காலம் கண்டு இன்னும் சந்தையைக் காணாத மரங்கள்.

மஞ்சள் கன்றுகள்

இங்கே மரத்தின் ஒரு பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும்.

டெலிசியஸ் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. ஒரு மலைச்சரிவு முழுக்க டெலிசியஸை நட்டாலும், அத்தனையும் ஹயட்டின் அந்த ஒரே மரம்தானே? பூக்கும், தேனீ வரும், பூ உதிரும், பிஞ்சு நிற்காது. அருகில் வேறொரு வகை, அதே வாரத்தில் பூக்கும் வகை, நின்றாக வேண்டும். அதற்குப் பெயர்போனது, கூண்டுக்குள் வளர்ந்த அந்த மஞ்சள் மரம், கோல்டன் டெலிசியஸ்.

அந்தக் கன்றுகளும் பாரோபாக்குக்கு வந்தன. அனுப்பியவர் பிலடெல்பியாவில் இருந்த ஸ்டோக்ஸின் அம்மா. மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு.

ஆண்டு 1921.

அதே டிசம்பரில் மகன் இருந்தது லாகூர்ச் சிறையில். ஆப்பிள் கன்றுக்குக் குழி வெட்டிக் காத்திருக்க வேண்டிய குளிர்காலம் அது. வசந்தம் வந்தால் சிவப்பு மரங்கள் கண் விழிக்கும். தோட்டக்காரர் திரும்ப வெயில் காலம் ஆகிவிடும்.

அவர் இல்லாத அந்த ஆறு மாதம் பாரோபாக்கில் கத்தரியும் மண்வெட்டியும் யார் கையில் இருந்தன? நேற்றுவரை பிறர் மூட்டையைச் சுமந்தவர்கள், அமெரிக்கக்காரர் நட்ட இந்த மரத்தை நம்பித் தங்கள் கோதுமை வயலை விட்டுக்கொடுப்பார்களா?

(தொடரும்)